போனை வைக்காத அக்கா

கார் சர்வீஸ் சென்டரில் அவருக்கு 'சொல்லுங்க அக்கா' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. சம்பள நாளன்று மட்டும் அதைக் கூப்பிடுவார்கள். மற்ற நாட்களில் மேனேஜரிலிருந்து வண்டி கழுவுகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் சொல்லுங்க அக்காதான். போனை எடுத்தால் முதல் வார்த்தை "சொல்லுங்க". எதிர்முனையில் திட்டினாலும் "சொல்லுங்க". அழுதாலும் "சொல்லுங்க". ஒன்றும் பேசாமல் மூச்சு மட்டும் கேட்டால், கொஞ்சம் பொறுத்துவிட்டு, குரலை ஒரு படி இறக்கி, "சொல்லுங்க, நான் இருக்கேன்" என்பார்.

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. பேச்சு முடிந்தாலும் போனை முதலில் வைக்க மாட்டார். எதிர்முனையில் இருப்பவர் வைத்த பிறகுதான் இவர் கை காதிலிருந்து இறங்கும். இதனால் மேனேஜருக்கு மாதாமாதம் தலைவலி.

"அக்கா, மத்தவங்க பத்து பேர்கிட்ட பேசற நேரத்துல நீங்க ஆறு பேர்கிட்டதான் பேசறீங்க."

"அவங்க வைக்கலையே சார்."

"அவங்க வைக்கலைன்னா நீங்க வைங்க!"

"அவங்க இன்னும் ஏதாவது சொல்ல நினைச்சிருந்தா?"

மேனேஜர் நல்ல மனிதர். அதனால் தலையில் கை வைத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவார்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அக்கா சிரித்து மழுப்புவார். ஆனால் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அக்காவின் தங்கைக்குப் பேச்சு திக்கும். சின்ன வயதில் தோழி வீட்டுக்குப் போன் செய்துவிட்டு, முதல் எழுத்தோடு அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே, "யாருமே பேசலை" என்று அந்தப் பக்கம் வைத்துவிடுவார்கள். ரிசீவரைக் கையில் பிடித்தபடி அவள் நிற்கிற நிலையை அக்கா பக்கத்தில் நின்று பார்த்தவர். இன்றைக்கு அந்தத் தங்கை இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். தினமும் சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்வாள். அவள் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அக்கா வெங்காயம் உரித்து, நறுக்கி, அடுப்பில் போட்டுவிடுவார். ஆனால் ஒரு வார்த்தையைக் கூட அவளுக்கு முந்திக்கொண்டு எடுத்துக் கொடுக்க மாட்டார். அக்காவின் கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர், வாய் சும்மா இருக்காது. "எங்க வீட்ல கரண்டு போகும், தண்ணி போகும், போன் மட்டும் கீழ போகாது" என்பார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் ஒரு நாள் காலை, வண்டி தயாரிக்கிற கம்பெனியிலிருந்து உத்தரவு வந்தது. குறிப்பிட்ட ஒரு மாடல் காரில் கோளாறு. ரேடியேட்டருக்குப் பக்கத்தில், விசிறியை ஓட்டுகிற கறுப்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. அதற்குள் ஈரம் இறங்கி, மின்பலகை அரித்து, வண்டி தீப்பிடிக்கலாம். ஆகவே வண்டிகளையெல்லாம் திரும்ப வரவழைத்து, பெட்டியை இலவசமாக மாற்றித் தர வேண்டும். மாற்றும் வரைக்கும் வண்டியை வீட்டுக்குள்ளோ கூரைக்குக் கீழேயோ நிறுத்தக் கூடாது. திறந்த வெளியில், எதையும் ஒட்டாமல் நிறுத்த வேண்டும். கடற்கரை ஊர்களில் ரொம்பவே கவனம் வேண்டும். இந்த ஊருக்குக் கடல் கூப்பிடு தூரம்தான். ஜன்னல் கம்பியெல்லாம் வருஷத்துக்கு ஒரு முறை துருவை உதிர்த்துவிட்டுப் புது வண்ணம் கேட்கும்.

வண்டி வைத்திருப்பவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்கிற வேலை அக்கா தலையில் விழுந்தது. என்ன சொல்ல வேண்டும் என்பதையும் கம்பெனியே எழுதிக் கொடுத்திருந்தது. 'அதிக வெப்பம் உண்டாவதற்கான சாத்தியக்கூறு' என்று அதில் இருந்தது.

"இது எந்த ஊர் பாஷை சார்? தீப்பிடிக்கும்னு சொன்னா புரிஞ்சிட்டுப் போகுது" என்றார் அக்கா.

"பயந்துடுவாங்கக்கா."

"பயப்படட்டும்னுதானே போன் பண்றோம்?"

அதோடு நிற்கவில்லை. தனக்கே புரியாததை அடுத்தவருக்கு எப்படிச் சொல்வது என்று, நேராக ஒர்க்ஷாப்புக்குப் போனார். அங்கே எலக்ட்ரீஷியன் ஒருவன், எப்போது பார்த்தாலும் சட்டைப்பையில் டெஸ்டர் செருகியிருப்பதால் அவன் பெயரே டெஸ்டர். முதலில் வந்த வண்டியின் பெட்டியை அறுத்துத் திறந்து மேஜைமேல் வைத்திருந்தான்.

"வாங்கக்கா, ஒண்ணு காட்டறேன்" என்று ஒரு பூதக்கண்ணாடியை நீட்டினான்.

அக்கா குனிந்து பார்த்தார். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு கண் பழகியது. பலகைமேல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு செம்புக் கோடுகள். அவற்றுக்கு நடுவே, பச்சையும் வெள்ளையுமாக ஏதோ முளைத்திருந்தது. ஒரு தண்டு, அதிலிருந்து கிளை, கிளைக்குள் கிளை, ஒவ்வொரு நுனியிலும் பொடிப்பொடியாகப் பூத்தது போல் ஏதோ. கண்ணாடியை எடுத்துவிட்டுப் பார்த்தால் வெறும் அழுக்கு. கண்ணாடி வைத்தால் ஒரு காடு.

"அடேயப்பா" என்றார் அக்கா. கண்ணாடியை எடுக்காமலே, "இதை யாரு செஞ்சது?" என்று கேட்டார்.

"யாரும் செய்யலக்கா. பாத்திரத்துல களிம்பு ஏறுதில்ல, அதோட உறவுக்காரன்தான் இவன். உப்பு, தண்ணி, கரண்டு. மூணும் சேந்தா தானா வளரும். இந்தக் கோட்டுலேர்ந்து அந்தக் கோட்டைத் தொட்டுச்சுன்னா முடிஞ்சுது."

"பெட்டி இவ்வளவு இறுக்கமா மூடியிருக்கே. தண்ணி எப்படிப் போச்சு?"

"பெட்டி வழியா போகல. ஒயர் வழியா போயிருக்கு" என்று ஒரு ஒயரை எடுத்து நறுக்கிக் காட்டினான் டெஸ்டர். வெளியே ரப்பர் தோல், உள்ளே முடி முடியாகச் செம்பு இழைகள். "இந்த இழைக்கு நடுவுல இருக்கு பாருங்க, இந்த இண்டு இடுக்கு. துணியோட நுனி டீயில பட்டா மேல ஏறுமே, அப்படி ஏறிப் போயிருக்கு. முன்னாடி விளக்குக்கிட்ட இருக்கிற இணைப்புல புகுந்து, இந்த முழு ஒயரையும் ஊர்ந்து தாண்டி உள்ள போயிருக்கு. எத்தனை வருஷம் ஆச்சோ!"

"வண்டியை ஆஃப் பண்ணி வச்சிருந்தா?"

"அதான் விஷயமே. இந்தப் பெட்டிக்கு பேட்டரியிலிருந்து நேரா லைன். நீங்க சாவியை எடுத்தாலும் இதுக்குத் தூக்கம் கிடையாது."

அக்காவுக்கு உடம்பு சிலிர்த்தது. பயத்தில்தான் என்று சொல்ல முடியாது. நாம் சாவியை எடுத்து, கதவைப் பூட்டி, பூட்டியதை இழுத்தும் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் போய்ச் சாப்பிட்டுப் படுக்கிறோம். வெளியே அந்த இருட்டுப் பெட்டிக்குள் தண்ணீர் ஒவ்வொரு இழையாக ஏறி வருகிறது, காடு ஒவ்வொரு கிளையாக வளர்கிறது. கேட்பாரில்லை, பார்ப்பாரில்லை. அதற்கு அவசரமும் இல்லை. அன்று சாயங்காலம் வீட்டில் டிவியின் சிவப்புப் புள்ளியைக்கூட அக்கா புதிதாய்ப் பார்ப்பவரைப் போல் உற்றுப் பார்த்தார். "என்ன, அதுகிட்டயும் சொல்லுங்கன்னு கேக்கப்போறியா?" என்றார் கணவர்.

மறுநாளிலிருந்து கூப்பிட ஆரம்பித்தார். கேட்டவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு தினுசு. "வண்டியைத் திரும்ப வாங்கிக்கப் போறீங்களா? அப்ப நான் எதுல போறது?" என்று சண்டைக்கு வந்தார் ஒருவர். "அணைச்சு வச்ச வண்டி எப்படிம்மா எரியும்? செத்தவன் எழுந்து நடப்பானா?" என்று ஒரு அம்மா வயிறு குலுங்கச் சிரித்தார். அக்காவும் சேர்ந்து சிரித்துவிட்டு, "இது சாகலம்மா, கண்ணை மூடிட்டு முழிச்சிருக்கு" என்றார். சிரிப்பு நின்றது, அன்று மாலையே அந்த வண்டி வந்து சேர்ந்தது. பலரும் செய்த தப்பு ஒன்றேதான். ஆபத்து என்று காதில் விழுந்ததும் ஓட்டுவதை நிறுத்திவிட்டு, வண்டியைக் கொண்டுபோய் ஷெட்டுக்குள் பத்திரமாகப் பூட்டினார்கள். எங்கே நிறுத்தக் கூடாதோ அங்கேயே. கெட்ட மனசா? இல்லை. பத்திரம் என்றால் பூட்டு என்று நாம் எல்லோருமே பழகியிருக்கிறோம்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான் கிரேன்காரர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். முதல் தடவை அக்கா "உங்க வண்டியில ஒரு ஆபத்து இருக்குங்க" என்று தொடங்கியதுமே அவர் குறுக்கே விழுந்தார்.

"ஓட்டலம்மா, நான் ஓட்டறதே இல்ல. ஷெட்டுல பத்திரமா பூட்டி வச்சிருக்கேன். போதுமா? என் பையன்கிட்ட போய்ச் சொல்லு."

"பையனாங்க? நான் சர்வீஸ் சென்டர்..."

"தெரியும்மா தெரியும். அப்பாவுக்கு வயசாயிடுச்சு, வண்டியைப் பிடுங்கணும்னு அவன் வெளியூர்ல உக்காந்துக்கிட்டு ஆள் விட்டு ஆள் விட்டுப் பேசறான். வை போனை."

அவர்தான் வைத்தார். அடுத்த தடவை குரலைக் கேட்டதுமே வைத்தார். அதற்கடுத்த தடவையும் அப்படியே. அக்காவின் கெஞ்சல் தாங்காமல் டெஸ்டர் நேரில் போய்ப் பார்த்தான். "பையன் அனுப்பின ஆளா?" என்று கேட்டு, கிரேன்காரர் அவனை வாசலுக்கு வெளியே நிறுத்தியே திருப்பி அனுப்பிவிட்டார்.

திரும்பி வந்த டெஸ்டர் முகத்தில் வழக்கமான கேலி இல்லை. "அக்கா, ஷெட்டுக்கு மேலேயே மரப்பலகை போட்ட ரூம். ஜன்னலோரமா கட்டில்ல ஒரு அம்மா உக்காந்திருக்காங்க. பக்கத்து வீட்ல விசாரிச்சேன். அவர் சம்சாரமாம். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துடுச்சாம், நடக்க முடியாதாம்."

ஒரு மர மாடி, அதன் கீழே பூட்டிய ஷெட், அதற்குள் கண்ணை மூடிக்கொண்டு விழித்திருக்கிற பெட்டி. இதுவே அன்று முழுக்க அக்காவின் கண்முன்னால் நின்றது. தினமும் கூப்பிட்டார். தினமும் அவர் வைத்தார்.

பிறகு ஒரு முற்பகல். வழக்கம்போல் அக்கா அவர் எண்ணுக்குப் போட்டார், மணி அடித்தது. வழக்கத்துக்கு மாறாக, எடுத்த பிறகு அந்தப் பக்கம் திட்டு எதுவும் வரவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. வேறு யாராக இருந்தாலும், லைன் சரியில்லை என்று அடுத்த எண்ணுக்குப் போயிருப்பார்கள். அப்படிப் போயிருந்தால் இந்தக் கதையை நான் வேறு விதமாகச் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

"சொல்லுங்க, நான் இருக்கேன்" என்றார் அக்கா.

மூச்சு. ஏதோ ஒன்று துணியில் உரசுகிற சத்தம். பிறகு, கல்லை நகர்த்துகிற சிரமத்தோடு ஒரு குரல்: "யா...ரு?"

"சர்வீஸ் சென்டர்லேர்ந்து பேசறேம்மா. வண்டி விஷயமா."

"அவர்... கடைக்கு..."

"பரவாயில்லம்மா. நீங்க சொல்லுங்க. எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல." கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மேனேஜர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அக்கா நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எல்லா...ரும்... வச்சு...டுவாங்க."

"நான் வைக்க மாட்டேன்."

அந்த அம்மாவுக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. குரலிலேயே அது தெரிந்தது. எத்தனையோ மாதத்துப் பேச்சு உள்ளே சேர்ந்து கிடந்திருக்க வேண்டும். வார்த்தைக்கு வார்த்தை நின்று நின்று, சொல்ல ஆரம்பித்தார். கல்யாணமான புதிதில் தினமும் கடலுக்குப் போவார்களாம். உடம்பு விழுந்த பிறகு போனதே இல்லை. "நீ எழுந்ததும் போலாம்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பாராம். அதற்காக வண்டியைத் தயாராக வைத்திருக்கிறாராம். தினம் காலையில், உப்புக் காற்று படிந்திருக்கும் என்று, ஓஸ் பைப்பை முன்பக்கச் சந்துக்குள்ளேயே விட்டுப் பீய்ச்சிக் கழுவுவாராம்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். விளக்குக்கிட்ட இருக்கிற இணைப்பு என்று டெஸ்டர் சொன்னது ஞாபகம் வந்தது. மனைவிமேல் வைத்த ஆசையையெல்லாம் சேர்த்து அந்த மனிதர் அந்த ஒயருக்குள் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்.

"அப்புறம்... சார்ஜ்... போடுவார்."

"சார்ஜா? எதுக்கும்மா?"

"ஓட்டா...ம வச்சா... பேட்டரி... செத்து...டும்னு. இப்பவும்... போட்டிருக்கு... கீழ. எனக்கு... கீழ."

அக்கா பேசவில்லை. பேசினால் அந்த அம்மாவின் அடுத்த வார்த்தை நின்றுவிடும். சொல்ல வந்தது இன்னும் முடியவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. தங்கையிடம் படித்த பாடம் அது.

"வா... வா..." அந்த எழுத்து வெகு நேரம் முரண்டு பிடித்தது. "வாசனை."

"என்ன வாசனைம்மா?"

"கரு...குற... வாசனை. நேத்து...லேர்ந்து. சொன்னேன். அவரு... அடுப்படி... பாத்தாரு. ஒண்ணு...மில்லன்னுட்டாரு. உடம்பு... இப்படி ஆனா... இல்லாத வாசனை... வருமாம். டாக்டரு... சொன்னாரு. இப்ப... ஜாஸ்தியா... இருக்கு."

அக்கா எழுந்து நின்றார். போனின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு போட்ட சத்தத்தில் ஒர்க்ஷாப்பில் ஸ்பேனர் விழுந்தது. "டெஸ்டர்! கிரேன்காரர் வீடு! ஓடு! கருகற வாசனை வருதாம், அந்தம்மா மாடியில தனியா இருக்காங்க!" டெஸ்டர் கேள்வி கேட்கவில்லை. பிரேக்டவுன் வேன் புறப்பட்ட சத்தம்தான் கேட்டது. மேனேஜர் தன் அறையிலிருந்து பாய்ந்து வந்தார். விஷயம் புரிந்ததும் தீயணைப்பு நிலையத்துக்குப் பேசினார். பேசி முடித்துவிட்டு அக்காவின் மேஜை ஓரமாக வந்து நின்றார். ஒரு டம்ளர் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"வச்சிடாதீங்கக்கா" என்றார், மெல்லிய குரலில்.

அக்கா மறைக்கவில்லை. "அம்மா, உங்ககிட்ட உண்மையைச் சொல்லிடறேன். நீங்க சொல்ற வாசனை நிஜம்தான். அது வண்டியிலேர்ந்து வருது. நம்ம ஆளு வந்துக்கிட்டே இருக்கான், தீயணைக்கிறவங்களும் வராங்க. பயமா இருக்கா?"

பதில் வர நேரம் ஆனது.

"அப்ப... என் மூக்கு... சரியாத்தான்... இருக்கு."

"ரொம்ப சரியா இருக்கும்மா."

"பயம்... இல்ல. நீங்க... இருக்கீங்...கல்ல."

நடக்க முடியாத ஒரு மனுஷி, தீயின் தலைமேல் உட்கார்ந்துகொண்டு, முகம் தெரியாத ஒருத்தியிடம் இதைச் சொன்னார். எத்தனையோ பெரிய மனிதர்களின் தைரியத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். இந்த அம்மாவின் தைரியத்துக்கு ஒரு சாட்சிகூட இல்லை, அக்காவின் காதைத் தவிர.

இரண்டு பேரும் கடலைப் பற்றிப் பேசினார்கள். அலையில் கால் நனைத்தால் காலடியில் மணல் இழுபடுமே, அதைப் பற்றி. நடுவில் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. அதோடு ஆண் குரல்கள். கடையிலிருந்து திரும்பிய கிரேன்காரரும் வேனிலிருந்து குதித்த டெஸ்டரும் வாசலில் மோதிக்கொண்டிருந்தார்கள். "மறுபடி வந்துட்டியா? போடா வெளிய!" என்பது தெளிவாக விழுந்தது.

"ஏங்...க" என்று அந்த அம்மா கூப்பிட்டார். அது போதவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்து, ஒரே தம்மில், திக்காமல் கத்தினார்: "ஏங்க!"

சத்தம் அடங்கியது. மாடிப்படியில் தடதடவென்று கால்கள். போன் கை மாறியது.

"ஏம்மா, உடம்பு முடியாதவகிட்ட என்ன பேசிப் பயமுறுத்தறே நீ? உனக்கெல்லாம்..."

"சார், என்னைத் திட்டுங்க, எவ்வளவு வேணா திட்டுங்க, நான் வைக்காம கேக்கறேன். அதுக்கு முன்னாடி கீழ போய் ஷெட்டைத் திறங்க. உங்க வீட்டம்மா சொன்ன வாசனை அங்க இருக்கா இல்லையான்னு மட்டும் பாருங்க. இல்லைன்னா உங்க பக்கமே நான் இனிமே திரும்ப மாட்டேன்."

அவர் போனைக் கட்டில்மேல் எறிந்துவிட்டுப் போனார். நல்லவேளை, வைக்கவில்லை.

அதன்பிறகு அக்காவுக்குக் கேட்டதெல்லாம் துண்டு துண்டாகத்தான். ஷட்டர் மேலே ஏறுகிற இரைச்சல். ஒரு நிமிஷ அமைதி. "அய்யோ" என்று ஒரு குரல். மறுபடியும் மாடிப்படியில் கால்கள், இந்தத் தடவை வேறு வேகத்தில். "வா, வா, கழுத்தைப் பிடிச்சுக்கோ, ஒண்ணும் இல்ல, பிடிச்சுக்கோ." கட்டில் கிறீச்சிட்டது. வாழ்நாளெல்லாம் இரும்புப் பெட்டிகளைக் கப்பலுக்கு ஏற்றியவர், இடுப்பு வலியென்று வீட்டில் ஒரு பக்கெட்டைக்கூடத் தூக்காதவர், மனைவியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினார். கீழே டெஸ்டர் சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி ஒயரைக் கழற்றியிருந்தான். அக்கம்பக்கத்தவர்கள் கூடி வண்டியைத் தெருவின் நடுவே தள்ளினார்கள். தீயணைப்பு வண்டியின் மணி நெருங்கி வந்து நின்றது.

மாடி அறையில் யாரும் இல்லை. திரைச்சீலை காற்றில் அடித்துக்கொள்கிற சத்தம் மட்டும் போனில் வந்துகொண்டிருந்தது. அக்கா காதை எடுக்கவில்லை. காலி அறைக்கு ஒருத்தி காவல் இருந்தாள் என்றால் வெளியார் சிரிப்பார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை.

கடைசியில் படியில் ஒரு ஆளின் கால்கள், தளர்ந்து ஏறின.

"இருக்கியாம்மா?"

"இருக்கேன் சார்."

"நேத்தே சொன்னா. நேத்தே சொன்னாம்மா அவ. நான்தான்..."

"சொல்லுங்க சார்" என்றார் அக்கா. அவர் அழுது முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வண்டியின் பெட்டியை டெஸ்டர் அறுத்துத் திறந்தபோது ஒர்க்ஷாப்பே சுற்றி நின்றது. பூதக்கண்ணாடி கை மாறிக்கொண்டே போய் அக்காவிடம் வந்தது. இதுவரை பார்த்ததிலேயே அடர்ந்த காடு. அதன் நடுவில், இரண்டு கோடுகளும் தொட்டுக்கொண்ட இடத்தில், எள்ளளவுக்கு ஒரு கறுப்பு. அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் உருகி, மறுபடி இறுகியிருந்தது.

"பத்தியிருக்கு. பத்திட்டு, தானா அணைஞ்சிருக்கு" என்றான் டெஸ்டர். "இன்னிக்கு மறுபடி சூடேறிக்கிட்டு இருந்திருக்கு. முதல் தடவை ஏன் அணைஞ்சுதுன்னு கேக்காதீங்க. சத்தியமா எனக்குத் தெரியல."

எள்ளளவு நெருப்பு, தன் மனசு போல எரிந்து, தன் மனசு போல அணைந்திருக்கிறது. அதன் புகை எவ்வளவு இருந்திருக்கும்? அந்த இம்மி வாசனை ஷட்டரைத் தாண்டி, பலகை இடுக்கில் ஏறி, மாடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவின் மூக்கைத் தேடிப் போயிருக்கிறது. அந்த மூக்கு அதைச் சரியாகப் பிடித்திருக்கிறது. அக்கா கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

புதுப் பெட்டி போட்ட வண்டியைக் கிரேன்காரர் வந்து எடுத்துக்கொண்டு போனார். அக்காவைப் பார்த்துக் கும்பிட்டார். அதற்கடுத்த வாரத்தில் ஒரு நாள் அதே வண்டி சர்வீஸ் சென்டர் வாசலில் வந்து நின்றது. "கோளாறா சார்?" என்று டெஸ்டர் ஓடினான். கோளாறு ஒன்றும் இல்லை. முன் சீட்டில், முதுகுக்குத் தலையணை கொடுத்து, அந்த அம்மா உட்கார்ந்திருந்தார்.

"கடலுக்குப் போறோம். எழுந்ததும் போலாம்னு சொல்லிட்டிருந்தேன். எழுந்திருக்காட்டி என்ன, உக்காந்துகிட்டே போலாம்னுட்டா" என்றார் கிரேன்காரர். "போற வழியில உங்களைப் பாக்கணுமாம்."

அக்கா வெளியே வந்தார். ஒரு வாழ்நாள் பேசியது போல் பேசிவிட்ட இரண்டு பேர் முதன்முதலாக முகம் பார்த்துக்கொண்டார்கள். அந்த அம்மா, அக்கா நினைத்ததைவிடச் சின்ன உருவம். நல்ல கையை ஜன்னல் வழியாக நீட்டினார். அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாவின் வாய் ஒரு எழுத்தோடு போராடத் தொடங்கியது. அக்கா காத்திருந்தார், தெருவில் லாரி போயிற்று, சைக்கிள் போயிற்று.

உள்ளே அக்காவின் மேஜையில் போன் அடித்தது. மேனேஜர் வாசல் வரைக்கும் வந்தார், கூப்பிட வாயெடுத்தார், ஜன்னலோரம் நின்ற இருவரையும் பார்த்தார், திரும்பிப் போனார். போனை அவரே எடுத்தார்.

"சொல்லுங்க" என்று அவர் குரல் கேட்டது.

"நேரமாகுது, போலாமா?" என்றார் கிரேன்காரர் தன் மனைவியிடம்.

"ஒண்ணு...மில்ல" என்றார் அந்த அம்மா, கடைசியில், அக்காவைப் பார்த்து. "சும்மா... பிடிச்சுக்...கிட்டேன்."

"பிடிச்சுக்கோங்கம்மா" என்றார் அக்கா.

அந்த அம்மா தானாக விடுகிற வரைக்கும் அக்கா கையை எடுக்கவில்லை.